நாலு மணிக்கொரு வற்றம்

பாறை என்னை உதறிய நாளைப் பற்றி
எல்லோரும் கேட்கிறார்கள்.
சிறுநீரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

கால் போனது ஊருக்குத் தெரியும்.
கோர்மே மீன்சந்தையில் அதற்குக் கண்ணீர் உண்டு,
படிக்கட்டில் சாய்வுப்பலகை உண்டு, கோயில் வசூல் உண்டு.
அடிவயிற்றில் ஒரு கைப்பிடிச் சதை
சொன்ன பேச்சுக் கேளாமல்
தானாய் இறுகி, தானாய்த் திறந்து
பாவாடையை நனைத்ததற்கு
எந்தப் புனிதர் முன்னும் மெழுகுவத்தி எரியவில்லை.

லா கொருன்யாவில் கிடத்தி
குழாய் வழியே சொட்டுச் சொட்டாய் நீர் நிரப்பினார்கள்.
திரையில் ஒரு கோடு எழுந்தது.
"நாற்பதைத் தாண்டக் கூடாது" என்றாள்
டாக்டர் லோசாதா, என் மகள் வயது.
கோடு எழுபதில் நின்று மூச்சு வாங்கியது.
போக வழியில்லாத நீர் மேலேறி
சிறுநீரகங்களை வீங்க வைக்கிறதாம்.

எனக்கு விளக்க வேண்டியதில்லை.
முப்பத்தொரு வருஷம் கொட்டலசு சுரண்டியவள் நான்.
ஒடுங்கிய பொந்துக்குள் அலை புகுந்தால்
திரும்பும் வேகம்தான் ஆளைத் தின்னும்.

"சரி, என்ன வழி?"

மாத்திரை இரண்டு வருஷம் விழுங்கியாயிற்று,
நாக்கு காய்ந்த கணவாய் ஆனதுதான் மிச்சம்.
ஊசிக்கு ஒன்பது மாதம் அடங்கியது,
பிறகு ஆறு, பிறகு மூன்று.
முதுகில் நரம்பு வேர்களை வெட்டி
ஒரு பெட்டி வைத்தால் பொத்தானில் திறக்கலாம்;
இருக்கிற கொஞ்ச உணர்வும் அதோடு போகும் என்றாள்.
அந்தக் கொஞ்சத்தைத் தரமாட்டேன்.
ரமீரோவுக்கும் அதில் பங்கிருக்கிறது.

வயிற்றோரம் துளையிட்டுப் பை மாட்டலாம்.
எதிர்ப் படுக்கை லிசார்தோ பையோடுதான்
இன்னும் வலை இழுக்கிறார்,
இரவெல்லாம் உறங்குகிறார், எனக்குப் பொறாமை.
ஆனால் அந்த இடத்தில் என் கயிற்றுத் தழும்பு இருக்கிறது.
அதை வாடகைக்கு விடுவதாயில்லை.

கடைசியில் ஒரு தாளில் வரைந்தாள்.
எண்சாண் உடம்பிலிருந்து ஒரு சாண் சிறுகுடல்.
நீளவாக்கில் கீறி, மடித்துத் தைத்து
பிளந்த சிறுநீர்ப்பைக்குத் தொப்பியாக்குவது.
பை பெரிதாகும், கோபம் குறையும்.
குடல்வாலை, இதுநாள்வரை சும்மா உட்கார்ந்து தின்றதை,
குழாயாக்கித் தொப்புள் வரை கொண்டுவருவது.
நாற்காலியை விட்டு எழாமல்
சட்டையில் ஒரு பொத்தான் அவிழ்த்து
நாலு மணிக்கொருமுறை குழல் செருகி இறக்கிவிடலாம்.
"கை நடுங்குமா?" என்று கேட்டாள்.
கையைக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

மருத்துவச்சி முடிச்சுப் போட்டு அடைத்த வாசல்
ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி திறந்தது.
ஆறாம் நாள் வாயு பிரிந்தபோது
வார்டே கைதட்டியது.

அவள் சொல்லத்தான் செய்தாள், நான்தான் காதில் வாங்கவில்லை:
குடல் தன் குலத்தொழிலை மறப்பதில்லை.
இடம் மாறியும் சளி சுரக்கிறது,
வெள்ளை நூலாய் வந்து குழலை அடைக்கிறது.
தினமும் கழுவ வேண்டும், உப்புநீரால்.
கடலிலிருந்து இழுத்துப்போட்டவர்களே
கடலை ஊசிக்குழலில் அடைத்துக் கையில் தந்தார்கள்.
ஒருமுறை கல் வந்தது. ஒருமுறை குளிர்காய்ச்சல்.
இரவு மூன்று மணி அலாரத்துக்கு
ரமீரோ திட்டுவது என்னையா கடிகாரத்தையா, தெரியாது.
கோடு இப்போது பதினெட்டில் படுத்திருக்கிறது.

மலைவிளிம்பில் என் நாற்காலி.
கீழே மருஷாவும் தெல்மீராவும் கயிற்றில்.
அவர்கள் இறங்குமுன் ஒருமுறை காலி செய்வேன்,
ஏறிய பின் ஒருமுறை.
இடையில் அலையிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.
கடலுக்கு ஆறு மணி, எனக்கு நாலு;
சில நாள் இரண்டும் பொருந்தாது.

நேற்று நடு வற்றத்தில் என் நேரம் வந்தது.
பொத்தானை அவிழ்த்து, குனிந்து பார்க்காமலே செருகினேன்.
வெதுவெதுப்பாய் அது புல்லில் இறங்கிக்கொண்டிருக்க
மூன்றாவது அலைக்குப் பின்னால்
ஒரு கறுத்த முதுகு எழுவதைக் கண்டேன்.
கத்தினேன்.
தெல்மீரா பாறையோடு பாறையாய் ஒட்டிக்கொண்டாள்.

அலை போனபின் தலைமயிர் ஒழுக நிமிர்ந்து,
"அங்கே என்னடி செய்கிறாய்?" என்றாள்.
"மூத்திரம் பெய்கிறேன்" என்றேன்,
காற்றுக்கும் கேட்கும்படி.